மணல்மேட்டில் மூன்றாவது தடம்

1964ஆம் வருஷம், ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி 12 நிமிஷம். இடம் நெய்வேலி.

நிமிஷக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். பேய், பிசாசு எதையும் நம்பாத வெளிநாட்டுக்காரர். அவர் நோட்டில் எழுதிவைத்த நேரம் இது. நான் இட்டுக்கட்டியதல்ல.

பகலில் பேய் வருமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது பட்டப்பகலில் நடந்தது. வெயிலில் நடந்தது. சாமிக்கண்ணு என்பவருக்கு நடந்தது.

சாமிக்கண்ணுவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்றில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மைன்ஸ் வந்தபோது முதலில் காண்ட்ராக்டில் மண் சுமந்தார். பிறகு தச்சுப் பட்டறையில் ஹெல்ப்பர். கை வாகு நன்றாக இருந்ததால் பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்த வீட்டில் ஒரு வருஷம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 1963 ஆடி மாசம் பிரசவத்தில் மனைவி அமிர்தம் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. சோற்றில் உப்பு இல்லையென்றாலும் தெரியவில்லை. பட்டறையில் உளி பட்டுக் கை கிழிந்தால், பலகையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் காயம் பட்டதே தெரியும். ஷிப்டுக்குப் போனார், வந்தார். அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் ரூடி பட்டறைக்கு வந்தார்.

ரூடி ஜெர்மன்காரர். மண்ணை வெட்டி எடுக்கும் ராட்சதச் சக்கர மெஷினைப் பூட்டிக்கொடுக்க வந்த மெக்கானிக். நெய்வேலிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் தமிழ் பேசுவார். மலை ஊரில் பிறந்தவர். நவம்பர் பிறந்தால் அவர் ஊரில் பனி விழ ஆரம்பிக்குமாம். அப்போதெல்லாம் இங்கே அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு காகிதத்தில் படம் போட்டு எடுத்துவந்திருந்தார். ஆறரை அடி நீளம், நாலு விரல் அகலம், முன்பக்கம் மட்டும் மேல்நோக்கி வளைந்த பலகை. பனியில் சறுக்கும் பலகை. இரண்டு ஜோடி வேண்டும் என்றார்.

பனி இல்லாத ஊரில் எதற்கு என்று சாமிக்கண்ணு கேட்டார். ரூடி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

வடக்கு மேடு.

நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வெட்டிக் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. நூற்றிருபது அடி உயரம் இருக்கும். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் யாரும் கொட்டுவதில்லை. மேலே முழுக்க வெளிறிய மணல். வெயில் சாயும் நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

மெஷின் வந்த பெட்டிகளின் மரம் போதும் என்றார் ரூடி. அது பிளந்துவிடும் என்று சொல்லி, காடாம்புலியூரிலிருந்து பலாமரம் வரவழைத்தார் சாமிக்கண்ணு. கொதிக்கும் தண்ணீரில் நாள் முழுக்க ஊறவைத்து முனையை வளைத்தார். அடியில் மெழுகு தேய்த்தார். ரூடி ஆட்டுத்தோலைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்துவந்தார். மேலே ஏறும்போது அதைப் பலகைக்கு அடியில் கட்டிக்கொள்ள வேண்டும். ரோமம் பின்பக்கம் பார்த்திருக்கும். முன்னே வழுக்கிப் போகும், பின்னே சறுக்காது. இறங்கும்போது கழற்றிவிடலாம்.

வேலை நடக்கும்போதே ரூடி சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ஊரில் இரண்டு விதமாகச் சறுக்குவார்களாம். கயிற்று வண்டியில் ஏறிப் போய், ஆட்கள் தட்டிச் சமப்படுத்திய சரிவில் இறங்குவது ஒன்று. அது குழந்தைகளுக்கு. மற்றது, யாரும் கால் வைக்காத மலைக்குத் தானே நடந்து ஏறி, தானே வழி பார்த்து இறங்குவது. அங்கே பாதை கிடையாது, காவல் கிடையாது. பனி சரிந்து மூடினால் தோண்டி எடுப்பதற்குக் கூட வந்தவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

“அதனால தனியா போகக் கூடாது,” என்றார்.

“ரெண்டாவது ஜோடி யாருக்குங்க?”

“உனக்கு.”

சாமிக்கண்ணு சரி என்றார். தைரியத்தில் சொன்னதல்ல. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக்கூட அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.30. முதல் தடவை மேட்டுக்குப் போனார்கள்.

ரூடி உடனே ஏற விடவில்லை. சாமிக்கண்ணு செய்துகொடுத்த அரைவட்டப் பலகையில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுச் சரிவை அளந்தார். முப்பத்துநாலு டிகிரி. முப்பதைத் தாண்டினாலே சரியக்கூடிய இடம் என்றார். பனியோ மணலோ, இந்த விஷயத்தில் ஒரே குணம்தான். மேல் அடுக்கு கனமாகி, கீழ் அடுக்கு அதைப் பிடிக்காமல் போனால் மொத்தமாக நழுவும். அதற்கு முன் ஒரு சத்தம் வரும். பெரிய வீட்டில் எங்கோ ஒரு கதவு மூடிக்கொள்வதுபோல... வும்ம். அந்தச் சத்தம் கேட்டால் நேரம் முடிந்தது.

இடுப்பில் எண்பதடி சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். அது பின்னால் இழுபட்டு வரும். ஆள் புதைந்தாலும் கயிறு லேசானது, எங்காவது ஒரு துண்டு மேலே கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தோண்டலாம். சின்ன மண்வெட்டி ஒன்று, குத்திப் பார்க்க நீளக் கம்பி ஒன்று. மண் இழுத்தால் பலகையை உதறிவிட்டு, தண்ணீரில் நீந்துவதுபோல் கையைப் போட வேண்டும். மண் நிற்கும் நேரத்தில் ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். மூச்சுக்கு அந்தக் கையளவு இடம்தான் மிஞ்சும்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க வேண்டும். மற்றவர் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். மேலேயும் ஆட்களை எண்ண வேண்டும். கீழேயும் எண்ண வேண்டும்.

இரண்டு பேர்தானே, எண்ண என்ன இருக்கிறது என்று நினைத்தார் சாமிக்கண்ணு. ஆனாலும் கீழே வந்ததும் ரூடி விரலை நீட்டி அவர் பாஷையில் எண்ணினார். ஐன்ஸ். ட்ஸ்வை. ட்ரை.

ஒன்று, இரண்டு, மூன்று. பட்டறையில் கேட்டுக் கேட்டு சாமிக்கண்ணுவுக்கு அது தெரியும்.

ரூடி விரலைப் பார்த்தார். தலையை உதறிக்கொண்டார். வெயில், என்றார்.

டிசம்பர் 15. நேரம் 4.10. இரண்டு பேரும் இறங்கி, கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சரிவில் அவர்கள் ஏறிய தடம் ரிப்பன்போலத் தெரிந்தது. ஆட்டுத்தோல் இழுபட்ட கோடுகள், முன்னே ரூடியுடையது, பின்னே சாமிக்கண்ணுவுடையது.

பக்கத்திலேயே இன்னொரு தடம்.

பலகை இல்லை. வெறுங்கால்.

சாமிக்கண்ணு கிட்டே போய்ப் பார்த்தார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. விரல்கள் அகல விரிந்திருந்தன. மண் சுமந்தவருக்கு அது தெரியும். தலையில் சுமை இருப்பவனின் கால் அப்படித்தான் விழும். தடம் உச்சிவரை போனது. அங்கே முடிந்தது.

இறங்கிய தடம் இல்லை.

விறகு பொறுக்க வந்தவராக இருக்கும் என்றார் ரூடி. அந்த மேட்டில் ஒரு செடிகூடக் கிடையாது.

டிசம்பர் 22. நேரம் 4.02. ரூடி முதலில் இறங்கினார். சாமிக்கண்ணு மேலே தனியாக நின்றார். ஒரு பக்கம் மின் நிலையத்துப் புகைபோக்கி. இன்னொரு பக்கம் முந்திரித் தோப்பும் வடக்குத்து கிராமத்தின் கூரைகளும். காற்று இல்லை. பத்து நாளாக மழையும் இல்லை.

ஆனால் ஈர மண் வாசனை வந்தது. அப்போதுதான் தோண்டிய குழியின் வாசனை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்குகிறவர்மேல் கண் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ரூடி கீழே போய்ச் சேர்ந்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். கையைத் தூக்கினார். இரண்டு விரல்.

சாமிக்கண்ணு இறங்கி வந்ததும் அது என்ன சைகை என்று கேட்டார்.

“மேல ரெண்டு பேர்,” என்றார் ரூடி. “நீ. அப்புறம் உன் ஆள்.”

“என் ஆளா?”

“உக்காந்து இருந்தான். தலையில துண்டு. நீ கூட்டிட்டு வந்தேன்னு நினைச்சேன்.”

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். வெறும் மணல்.

அன்று குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது சாமிக்கண்ணுவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிகிறது... பயம் மட்டும் வரவில்லை. உள்ளே தொட்டுப் பார்த்தால் மரக்கட்டையைத் தொட்டதுபோல் இருந்தது.

அடுத்த ஞாயிறு ரூடி சறுக்கவில்லை. மேட்டின் அடியில் உட்கார்ந்து, தான் ஏன் எண்ணுகிறேன் என்று சொன்னார். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் ஊர் மலையில் ஐந்து பேர் போனார்களாம். பனிமூட்டம். ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குடிசைக்கு வந்துவிட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே சூடாகக் குடிக்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் மேஜையில் ஒரு கிண்ணம் யாரும் தொடாமல் இருப்பதைப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆளைக் கண்டெடுத்தபோது ஜூன் மாசம். பனி உருகிய பிறகு.

“எண்ணி இருந்தா, கிடைச்சிருப்பான்,” என்றார்.

எழுந்து உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார்.

பொங்கல் முடிந்தது. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலம் தப்பின மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மதியம்வரை விடவில்லை. மழையோ புதுப்பனியோ பெய்தால் மூன்று நாள் சரிவில் ஏறக் கூடாது என்பது ரூடியின் சட்டம். ஆனால் 23ஆம் தேதி வியாழக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்புகிறார். வேலை முடிந்துவிட்டது. இது கடைசி ஞாயிறு.

19ஆம் தேதி பிற்பகல் 3.40க்கு மேட்டுக்கு வந்தார்கள். ரூடி மண்வெட்டியால் சரிவில் ஒரு பள்ளம் வெட்டி அடுக்கைப் பார்த்தார். மேலே ஒரு முழம் ஈரம், கனம். அதற்குக் கீழே கைபட்டால் உதிரும் காய்ந்த மணல். அவருக்குத் தெரியும். சாமிக்கண்ணுவுக்கும் தெரிந்தது.

“ஒரே ஒரு தடவை,” என்றார் ரூடி.

அப்படி யாராவது சொன்னால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

ஏறினார்கள். 4.06க்கு ரூடி ஓரமாக இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. கீழே போய் நின்று, கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

பார்த்தவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார்.

வா என்கிறாரா... வராதே என்கிறாரா... தெரியவில்லை.

மறுபடி அந்த ஈர வாசனை. இந்தத் தடவை பின்னாலிருந்து இல்லை. பக்கத்திலிருந்து.

சாமிக்கண்ணு இடதுபக்கம் கீழே பார்த்தார். மணலில் ஒரு பாதம் பதிந்தது. பதித்தவர் யாரும் இல்லை. குதிகால் முதலில், பிறகு விரல்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. இத்தனை வாரமாக ஏறிக்கொண்டே இருந்த தடம்...

இறங்கியது.

நாலு அடி போய் நின்றது. காத்திருப்பதுபோல்.

சாமிக்கண்ணு பலகையை முன்னே தள்ளினார். ஏன் தள்ளினார் என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். ஒருவர் முன்னால் நடந்தால் பின்னால் போவதுபோலத்தான் போனேன் என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

4.12.

வும்ம்.

காலுக்குக் கீழே ஏதோ மூடிக்கொண்டது. சரிவு முழுக்கப் பாய் நழுவுவதுபோல் நகர்ந்தது. பலகையை உதறினார். ஒன்று போனது, ஒன்று போகவில்லை. கையைப் போட்டு நீந்தினார். வானம் ஒருமுறை தெரிந்தது. மறுபடி தெரியவில்லை.

வலது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்.

மண் நின்றது.

இருட்டு. சத்தமே இல்லை. அசைக்க முயன்றார். ஒரு விரல் அசைந்தது.

எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. ரூடி சொல்லியிருந்தார். எச்சிலை விட்டுப் பார். அது போகும் பக்கம் கீழ். விட்டார். நெற்றிப் பக்கம் ஓடியது.

தலைகீழாக இருந்தார்.

குளிர்ந்தது. வெயில் காய்ந்த மணல் அல்ல, ஆழத்து மணல். பாதம் மரத்தது. முழங்கால் மரத்தது. பிறகு இடுப்பு.

அப்போது காதுக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம்.

தன்னுடையது என்று நினைத்தார். தன் மூச்சை நிறுத்திப் பார்த்தார்.

அது நிற்கவில்லை.

பிறகு எதுவும் நினைவில்லை.

மிச்சம் ரூடி போலீசுக்குச் சொன்னது. சாமிக்கண்ணு மறைந்த இடத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துவைத்துக்கொண்டு ஓடினார். சிவப்புக் கயிற்றில் ஒரு முழம் மேலே கிடந்தது. பிடித்துக்கொண்டே போனார். கம்பியால் குத்தினார். தட்டுப்பட்டது. தோண்டினார். ஒரு கை தெரிந்தது. பிடித்து இழுத்தார்.

கை தனியாக வந்துவிட்டது.

அது எலும்பு.

சாமிக்கண்ணு அதற்கு அரை முழம் தள்ளி இருந்தார். முகத்தை வெளியே எடுத்தபோது 4.24. பன்னிரண்டு நிமிஷம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இல்லை. ரூடி மார்பை அழுத்தி வாயில் ஊதினார். மூன்றாவது தடவை இருமல் வந்தது.

கண்ணைத் திறந்ததும் சாமிக்கண்ணு கேட்ட முதல் கேள்வி, “எத்தினி பேருங்க?”

“மூணு,” என்றார் ரூடி.

மறுநாள் போலீஸ் வந்தது. முழு எலும்புக்கூடும் கிடைத்தது. மக்கிப்போன ஒரு மண் கூடை. ஒரு துண்டு. அரைஞாண் கயிற்றில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் பித்தளை டோக்கன். நம்பர் 212.

ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் வேலை பார்த்த பன்னீர்செல்வம், சாமிக்கண்ணுவுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். அவர்தான் பழைய லிஸ்டைப் புரட்டினார். 212, குழந்தைவேல், வடக்குத்து. 1960 அக்டோபரில் ஒரு நாள் மண் கொட்டப் போனவர். மழை நாள். மேடு சரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்ட்காரர் ஆட்களை எண்ணவில்லை. மூன்று நாள் கழித்துப் பெயருக்கு நேரே எழுதிவைத்திருந்தது: சொல்லாமல் நின்றுவிட்டார்.

மூன்று வருஷம் மூன்று மாசம், அந்த மேட்டில் அந்த ஆள் இருந்திருக்கிறார்.

ரூடி வியாழக்கிழமை கிளம்பினார். ஸ்டேஷனில் சாமிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் செய்தது தப்பு என்றார். மூன்று நாள் காத்திருந்தால் இது நடந்திருக்காது என்றார். நடந்திருக்காவிட்டால் குழந்தைவேல் அங்கேயே கிடந்திருப்பான் என்று சாமிக்கண்ணு நினைத்தார். ரூடிக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அதைச் சொல்ல வரவில்லை. ரயில் போய்விட்டது.

குழந்தைவேலுக்கு மனைவி இருக்கிறாள் என்று பன்னீர்செல்வம் சொல்லியிருந்தார். தனம் என்று பெயர். புருஷன் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. எலும்பை வாங்கித் தகனம் செய்த அன்றும் அவள் அழவில்லையாம். அதையும் ஊர் பேசியது.

போய்ப் பார்க்க வேண்டும் என்று சாமிக்கண்ணுவுக்குத் தோன்றியது. பல மாசங்களுக்குப் பிறகு அவருக்குத் தானாகத் தோன்றிய முதல் விஷயம் அதுதான்.

26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மேட்டிலிருந்து வடக்குத்து மூன்று மைல். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி 4.05. சின்னக் கூரை வீடு. முன்னால் முள்வேலி. தனம் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

“மறுபடியும் வந்துட்டீங்களா?” என்றாள்.

சாமிக்கண்ணுவுக்குப் புரியவில்லை. தன் பெயரைச் சொன்னார். மேட்டில் மண்ணில் மாட்டிய ஆள் தான்தான் என்றார். இந்தத் தெருவுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை என்றும் சொன்னார்.

“போன ஞாயித்துக்கெழம வந்தீங்களே.”

அவர் நின்றபடியே நின்றார்.

தனம் கையைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். புருஷன் காணாமல் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருகிறாராம். நாலு மணிக்கு மேல். தலையில் துண்டு. இடுப்புவரை மண். பேச மாட்டாராம். தண்ணீர்ப் பானையில் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு போய்விடுவாராம். யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் வேப்பிலை அடித்து நிறுத்திவிடுவார்கள்.

“உசுரோட இல்லன்னு மொத நாளே தெரியுங்க. காலக் கழுவுவாரு. கழுவின எடம் நனையாது.”

சாமிக்கண்ணு வேலியைப் பிடித்துக்கொண்டார்.

“போன வாரம் நாலு மணி பஸ்சு போயிடுச்சு. நாலரை பஸ்சு வரல. அவரு வந்தாரு. பின்னாலயே நீங்க வந்தீங்க. தலையெல்லாம் மண்ணு. இப்ப நிக்கிறீங்களே, இங்கதான் நின்னுக்கினு இருந்தீங்க.”

4.12. 4.24.

“அவரு மொண்டு குடுத்தாரு. நீங்களும் காலக் கழுவினீங்க...”

அவள் நிறுத்தினாள்.

“எடம் நனைஞ்சுது.”

சாமிக்கண்ணு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“அவருகிட்ட சொன்னேன். இவரு வர வேண்டிய ஆளு இல்ல, கொண்டுபோயி வுட்டுட்டு வாங்கன்னு. சரின்னு தலைய ஆட்டினாரு.”

வெயில் இறங்கியிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானை நிறையத் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு, கவிழ்த்தபடி.

ரோட்டில் நாலரை பஸ் போகும் சத்தம் கேட்டது.

“வுட்டுட்டு வரேன்னு தலைய ஆட்டிட்டுப் போனவருங்க,” என்றாள் தனம். “இன்னிக்கி இன்னும் வரல.”